தலையணைக்குக் காது குத்து

போடிக்குப் பக்கத்தில், மலை காலை நீட்டிப் படுத்திருக்கிற இடத்தில், கரட்டுப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, காற்றுக்குக் குறைவில்லை, இலவ மரத்துக்கும் குறைவில்லை. புத்திக்கும் குறைவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் போனால் அவர்கள் வீட்டில் கை நனைக்கிறவர்கள். மறுத்துப் பேசுவது நன்றாக இருக்காது.

அந்த ஊரில் மொக்கச்சாமி என்பவர் இலவம்பஞ்சுத் தலையணை செய்து செல்போன் வழியாக விற்றுவந்தார். ‘எட்டுத்திக்கு’ என்ற ஆன்லைன் கம்பெனியில் அவருக்கு ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்குக் கதவு கிடையாது, கல்லா கிடையாது. மொத்தக் கடையும் போனுக்குள்ளேயே இருந்தது. திறப்பு விழா அன்று மொக்கச்சாமியின் தம்பி பெத்தணன், எந்தக் கடையாக இருந்தாலும் வாசல் தெளிக்காமல் திறக்கக் கூடாது என்று சொல்லி, போன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தான். கடை அன்றைக்குத் திறக்கவில்லை. போன் காய்ந்தபிறகு திறந்தது.

மொக்கச்சாமி முதலாளி. அவர் மனைவி சுருளியம்மாள் பஞ்சு அடைப்பாள். பெத்தணன் பெட்டி கட்டுவான். பக்கத்து வீட்டுத் தையல்காரன் ஒச்சப்பன் உறை தைப்பான். ஒச்சப்பனுக்குப் போனில் தமிழ் டைப் அடிக்க வரும் என்பதால் அவனை எல்லாரும் படிப்பாளி என்று மதித்தார்கள். அவனும் அப்படியே நடந்துகொண்டான்.

இப்படியே போயிருந்தால் நமக்குக் கதை இல்லை. ஒருநாள் கம்பெனியிலிருந்து நிவேதிதா என்ற பெண் போன் செய்தாள்.

“ஐயா, உங்க கடைக்கு வாடிக்கையாளர்கள் குடுக்குற ஸ்டார் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஏறலேன்னா கடையை மூடிருவாங்க.”

“மூடுனா சாவி யாருகிட்டம்மா இருக்கும்?” என்று கேட்டார் மொக்கச்சாமி.

“மூடாம பாத்துக்குவோம் ஐயா” என்றாள் நிவேதிதா. நல்ல பெண்.

போனை வைத்ததும் மொக்கச்சாமிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கடை போவதுகூடப் பெரிதில்லை. கடை போனால் அவர் எங்கே போகவேண்டியிருக்கும் என்பதுதான் பெரிது. சுருளியம்மாளின் தம்பி தவசி போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புரோட்டாக் கடை வைத்திருந்தான். தீபாவளிக்கு வந்தவன் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருந்தான்: “போனுக்குள்ள கடை வச்சிருக்கீக. கவுந்துட்டா கவலைப்படாதீக மாமா. நம்ம கடைல மாவு பிசைய ஆள் இல்ல.” எல்லாரும் சிரித்தார்கள். சுருளியம்மாளும் சிரித்தாள். அன்றுமுதல் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போதெல்லாம் மொக்கச்சாமி எழுந்து வெளியே போய்விடுவார். மச்சினன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, “மாமா, இன்னும் நல்லா அடிச்சுப் பிசைங்க” என்று சொல்வது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நிவேதிதா மறுபடி கூப்பிட்டு வழி சொன்னாள். “உங்க தலையணையப் பத்தி வாங்குனவங்க விமர்சனம் எழுதுறாங்கல்ல, அதை எப்பவும் கவனிச்சுக்கிட்டே இருங்க. அதுலருந்து கண்ணை எடுக்கவே கூடாது.”

உடனே போனை ஒரு முக்காலிமேல் வைத்து, சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒச்சப்பனுக்கு ஒரு கவலை வந்தது. “அண்ணே, நாலு பேரும் ஒரே நேரத்துல கண்ணைச் சிமிட்டிட்டா?”

சபை திகைத்துப் போனது.

“அந்த நேரம் பாத்து ஒரு விமர்சனம் உள்ள பூந்துருமே” என்றான் பெத்தணன்.

“அப்ப ஒருத்தர் மாத்தி ஒருத்தராச் சிமிட்டுவோம். முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் சிமிட்டணும்” என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டில், “நான் சிமிட்டப் போறேன்,” “சரி மதினி, சிமிட்டிக்கங்க,” “ஒச்சு, நீ சொல்லாமச் சிமிட்டுன, நான் பாத்தேன்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. யாரும் பஞ்சு அடைக்கவில்லை, உறை தைக்கவில்லை. சுருளியம்மாள் மட்டும் ஒருதடவை, வந்த ஆர்டரெல்லாம் அப்படியே கிடக்கிறதே என்றாள். “பஞ்சு எங்கயும் ஓடிப்போகாது. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றார் மொக்கச்சாமி.

கடைசியில் ஒரு விமர்சனம் வந்தது. ‘பணம் கட்டி இவ்வளவு நாளாகிறது, தலையணை வரவே இல்லை. ஒரு ஸ்டார் கொடுப்பதே அதிகம்.’

“வந்துருச்சு! பாத்துட்டோம்ல!” என்று பெத்தணன் குதித்தான். நாலு பேரும் அதை வந்த கையோடு பிடித்துவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் சுருளியம்மாள் குழிப்பணியாரம் சுட்டாள்.

நிவேதிதாவுக்கு இந்த மகிழ்ச்சி புரியவில்லை. “கவனிச்சா மட்டும் பத்தாதுங்கய்யா. அவங்க என்ன குறை சொல்றாங்களோ அதை உடனே சரிபண்ணணும்.”

சேலத்துக்காரர் ஒருவர், தலையணை உயரம் அதிகம், கழுத்து வலிக்கிறது என்று எழுதியிருந்தார். உடனே சரிபண்ணவேண்டும் என்பதால், அடுத்ததாகக் கட்டிவைத்திருந்த தலையணையைப் பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்தார்கள். அது தஞ்சாவூருக்குப் போனது. தஞ்சாவூர் அம்மா, ‘நான் கேட்டது தலையணை, வந்தது அப்பளம்’ என்று எழுதினார். உடனே அடுத்த தலையணையில் பஞ்சைக் குத்திக் குத்தி ஏற்றினார்கள். அதன்மேல் பெத்தணன் ஏறி உட்கார்ந்தபிறகுதான் ஒச்சப்பனால் வாயைத் தைக்க முடிந்தது. அது நாகர்கோவிலுக்குப் போனது. நாகர்கோவில்காரர், ‘இதில் ஏறிப் படுக்க ஏணியும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்’ என்று எழுதினார்.

ஏணி அனுப்புவதா என்பதைப் பற்றி முதலில் பேசினார்கள். பெட்டிக்குள் கொள்ளாது என்று பெத்தணன் சொன்னதால் விட்டுவிட்டார்கள்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. ஒருத்தர் ஒசரங்கிறாரு, ஒருத்தர் பள்ளங்கிறாரு. நாம ஒழுங்காத்தான் செய்யுறோம். அப்ப தப்பு எங்க இருக்கு?” என்றார் மொக்கச்சாமி.

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தான். “கழுத்துலண்ணே.”

“கழுத்துலயா?”

“ஆமா. மழை பெஞ்சா மரக்கதவு ஊறி உப்புதுல்ல? வெயிலடிச்சாச் சுருங்குதுல்ல? கழுத்தும் அப்படித்தான். தஞ்சாவூர்ல நல்ல மழையாம், டிவில சொன்னான். அந்தம்மா கழுத்து ஊறி நீண்டுருக்கும். அதான் அம்புட்டு ஒசரம் பத்தல.”

படித்தவன் படித்தவன்தான் என்று சுருளியம்மாள் வியந்தாள். அதிலிருந்து டிவியில் வானிலை அறிக்கை பார்க்காமல் அவர்கள் பஞ்சு அடைப்பதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொன்னால் கடலோரத்து ஊர்களுக்கெல்லாம் தலையணை மூட்டை மூட்டையாகப் போனது. வெயில் கொளுத்துகிற வேலூருக்குப் போனது உறை மட்டும்தான்.

ஸ்டார் இன்னும் இறங்கியது. மாதமும் தேய்ந்துகொண்டிருந்தது. தவசி போன் செய்து, “மாமா, உங்க அளவுக்கு ஒரு கைவச்ச பனியன் வாங்கி வைக்கட்டுமா?” என்று கேட்டான். மொக்கச்சாமி அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

நிவேதிதாவும் விடவில்லை. “ஐயா, நீங்க ஒருத்தருக்குக்கூடப் பதில் எழுதலையே. அவங்களை யாரோ எவரோன்னு நினைக்காதீங்க. உங்க குடும்பத்துல ஒருத்தரா நினைச்சு எழுதுங்க.”

இது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. குடும்பத்தில் ஒருவரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பது கரட்டுப்பட்டியில் யாருக்குத்தான் தெரியாது?

ஓசூரிலிருந்து ஜெயசீலன் என்ற பையன், ‘தையல் பிரிந்து பஞ்சு வெளியே வருகிறது. யாரும் வாங்காதீர்கள்’ என்று எழுதியிருந்தான். சுருளியம்மாள் சொல்லச் சொல்ல ஒச்சப்பன் டைப் அடித்தான்.

‘ஜெயசீலா, நல்லாருக்கியா? நாங்க இருக்கோமா செத்தோமான்னு இத்தனை நாளா ஒரு வார்த்தை கேட்டதில்ல. தையல் பிரிஞ்சதும் மட்டும் ஊருக்கே தமுக்கடிக்கிற. வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற எடத்துல எழுதலாமா? உன் வயசுல உன் பெத்தணன் சித்தப்பன் கோணிச்சாக்குலதான் படுத்தான். ஊசி நூலெடுத்து நீயே தச்சுக்கோ. உடம்பு எளைச்சுட்டன்னு கேள்விப்பட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.’

“அவன் எளைச்சது உனக்கு எப்படித் தெரியும்?” என்று மொக்கச்சாமி கேட்டார்.

“வெளியூர்ல இருக்குற பிள்ளைக வேற எப்படி இருக்கும்?” என்றாள் அவள்.

வேலூர் பூர்ணிமா, படத்தில் பார்த்ததும் வந்ததும் ஒரே மாதிரி இல்லை என்று எழுதியிருந்தாள். அதற்கு மொக்கச்சாமியே பதில் சொன்னார். ‘தாயி, படத்துல இருக்குற மாதிரி நேர்ல யார் இருக்கா? கல்யாணத்துக்கு முந்தி உன் கையில குடுத்த மாப்பிள்ளை போட்டோவையும் இப்ப வீட்டுல உக்காந்திருக்குறவரையும் சேத்து வச்சுப் பாரு. அவரை நீ திருப்பி அனுப்புனியா?’

பூர்ணிமா, ‘இல்லைங்க பெரியப்பா. அப்ப தோணாமப் போச்சு’ என்று பதில் எழுதினாள். ஜெயசீலன், ‘தைச்சுட்டேன் பெரியம்மா. மதியம் சாப்பிட்டேன், ரசம் சாதம்’ என்று எழுதினான். சுருளியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் ரசம்!

ஆனால் ஸ்டார் ஒன்றுகூட ஏறவில்லை. மொக்கச்சாமி சபையைக் கூட்டினார்.

“பெரியப்பாங்கிறாக, பெரியம்மாங்கிறாக. ஸ்டாரை மட்டும் மாத்த மாட்டேங்கிறாக. ஏன்?”

“உள்ளுக்குள்ள வருத்தம் இருக்குண்ணே. தேவாரம் ஊர்ல இருக்குற நம்ம மாமா, நம்ம வீட்டுக் கல்யாணத்துல எப்படி இருந்தாரு? வந்தாரு, சிரிச்சாரு, பந்தில மட்டும் உக்கார மாட்டேன்னுட்டாருல்ல?” என்றான் பெத்தணன்.

“அது வெத்தலைபாக்கு வச்சு முறையா அழைக்கலேன்னு.”

“இவுகளை நாம அழைச்சமா?”

மொக்கச்சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். இத்தனை சொந்தம், ஒருவரையும் ஒரு விசேஷத்துக்கும் அழைத்ததில்லை! பிறகு எப்படி மனசாரக் கொடுப்பார்கள்?

அழைக்கலாம் என்றால் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆகவேண்டியவர்களுக்கு ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு மொட்டையும் காது குத்தும் முடிந்து, அதுகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தன. நாலு பேரும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். காது குத்தாத ஜீவன் ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்போது பெத்தணனின் பார்வை, சாமி படத்துக்குக் கீழே இருந்த தலையணையில் விழுந்தது. கடை ஆரம்பித்தபோது தைத்த முதல் தலையணை. விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள்.

“தலைச்சன் பிள்ளைக்கு நாம ஒண்ணுமே செய்யலையேண்ணே” என்றான் பெத்தணன்.

“அதுக்குக் காது எங்கடா இருக்கு?”

“சாக்கு மூட்டைக்கு ரெண்டு காது விட்டுத்தானே கட்டுறோம். அதே மாதிரி இதுக்கு நாலு முனை. நாலு காது.”

“நாலையும் குத்தணுமா?” என்று சுருளியம்மாள் பதறினாள். “பச்சப்பிள்ளை தாங்குமா?” முன்பக்கத்து இரண்டை மட்டும் குத்துவது என்று முடிவானது.

வாங்கிய அத்தனை பேருக்கும் பதிலின் அடியில் அழைப்புப் போனது. ‘நம்ம வீட்டுத் தலையணைக்கு வர்ற ஞாயிற்றுக்கிழமை காது குத்து. சொல்லலைன்னு வேண்டாம். குடும்பத்தோட வந்துருங்க.’

யார் வருவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், தலையணைக்குக் காது குத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபிறகு வீட்டில் சும்மா இருக்க யாரால் முடியும்? ஓசூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து இறங்கினார்கள். நாகர்கோவில்காரர் தன் தலையணையையும் கூட்டிவந்தார். பஸ்ஸில் அதற்குத் தனி இருக்கை எடுத்ததாகச் சொன்னார். பூர்ணிமா தன் கணவரைப் போட்டோவோடு அழைத்து வந்திருந்தாள். எல்லாரும் ஒப்பிட்டுப் பார்த்து, பெரியப்பா சொன்னது நியாயம்தான் என்றார்கள்.

காது குத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். தலையணைக்குப் பஞ்சு அடைத்தவள் சுருளியம்மாள். அவள் தம்பி தவசி. ஆகவே தவசிதான் தாய்மாமன். அவன் சிரிப்பான் என்று மொக்கச்சாமி பயந்திருந்தார். தவசி சிரிக்கவில்லை. சீர்வரிசைத் தட்டோடும், புதுச்சட்டையோடும், வந்தவர்கள் எல்லாருக்கும் போதுமான புரோட்டாவோடும், ஓர் அண்டா சால்னாவோடும் மேளம் வைத்து வந்தான். முறை என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் யாரும் சிரிப்பதில்லை.

புதுச்சட்டை பிள்ளைக்குப் போட முடியவில்லை. மேலே போர்த்தினார்கள். ஆசாரி தோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

“வலது காது எது?” என்று கேட்டார்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. பிள்ளை மல்லாந்திருக்கிறதா, குப்புறக் கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைப் பொறுத்து வலம் இடமாகிவிடும். ஒச்சப்பன் புரட்டிப் பார்த்தான். தஞ்சாவூர் அம்மா, தாய்மாமன் மடியில் எந்தப் பிள்ளையும் குப்புறப் படுக்காது என்று சொல்லித் தீர்த்துவைத்தார்.

குத்தியதும் ஓட்டை வழியே கொஞ்சம் பஞ்சு எட்டிப்பார்த்தது. “மஞ்சள் வையுங்க, சீழ் வச்சுரப்போகுது!” என்று பெண்கள் கத்தினார்கள். தவசி தலையணையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தான்.

“எத்தனையோ பிள்ளைக்குக் குத்திருக்கேன். இம்புட்டு அமைதியான பிள்ளையப் பாத்ததில்ல. ஒரு சத்தம் போடல” என்றார் ஆசாரி.

“அம்மாவழிக் குணம்” என்று தவசி பெருமைப்பட்டான்.

பிறகு பந்தி. ஜெயசீலன் இலையில் சுருளியம்மாள் புரோட்டாவாகப் போட்டாள். சேலத்துக்காரர் சால்னாவை மூன்றாவது முறை வாங்கினார். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனை எடுத்தார்கள். பழைய விமர்சனத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். நாலு பேரும் முக்காலியைச் சுற்றி உட்கார்ந்து, முறைவைத்துச் சிமிட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஸ்டார். ஐந்து ஸ்டார். மறுபடி ஐந்து ஸ்டார். மொக்கச்சாமி தன் முறை வந்தும் சிமிட்டவில்லை.

மறுநாள் நிவேதிதா போன் செய்தாள். அவள் குரலில் ஏதோ களைப்பு.

“ஐயா, கடை தப்பிச்சுருச்சு. ஸ்டாரெல்லாம் ஏறிருச்சு.”

மொக்கச்சாமி காலை நீட்டி உட்கார்ந்தார். இனி மாவில்லை, பனியனில்லை, மச்சினன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

“ஆனா ஒண்ணு ஐயா. எல்லாரும் ‘புரோட்டா அருமை, சால்னா அபாரம்’னுதான் எழுதிருக்காங்க. எங்க கம்ப்யூட்டர் அதையெல்லாம் படிச்சுட்டு உங்க கடையைத் தூக்கி ஓட்டல் பிரிவுல போட்டுருச்சு. நான் மாத்தச் சொல்லி எழுதிருக்கேன், கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும்…” அவள் பெருமூச்சு விட்டாள். “அதுவரைக்கும் வாடிக்கையாளர் கேக்குற மாதிரி பாத்துக்கங்க.”

“பாத்துக்கிறோம்மா” என்றார் மொக்கச்சாமி. அவர் அப்படிச் சொன்னால் பார்த்துக்கொள்வார்.

அன்று சாயங்காலமே போடியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஒச்சப்பன் எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘தலையணை இரண்டு. சூடாக வேண்டும். சால்னா தனியாக.’

“இஸ்திரிப் பெட்டி இருக்குல்ல, நல்லாச் சூடு பண்ணிருவோம்” என்றான் பெத்தணன்.

“மேலதான் சுடும். உள்ளுக்குள்ள வேகாது” என்றாள் சுருளியம்மாள். அவளுக்குச் சமையல் தெரியும். கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, இரண்டு தலையணைகளையும் உள்ளே வைத்து மூடினாள். “ஆவி வந்ததும் எறக்கிருவேன். அதுக்குள்ள நீங்க சால்னாவுக்கு வழி பண்ணுங்க.”

மொக்கச்சாமி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினார். எத்தனையோ நாளாக அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், இன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக உள்ளே நுழைந்தார். தவசி முழங்கை வரை மாவோடு நின்றிருந்தான்.

“வாங்க மாமா! கைய கழுவிட்டு வாங்க, மாவு தயாரா இருக்கு.”

“வேலைக்கு வரல மாப்ள,” என்றார் மொக்கச்சாமி. கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். “யாவாரமா வந்திருக்கேன். ரெண்டு தலகாணிக்கு எம்புட்டு சால்னா வேணும்?”

தவசியின் முகம் மாறியது. பிசைவதை நிறுத்தினான். மாவுக் கையால் தாடையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தான்.

“பருத்தியா மாமா, இலவம்பஞ்சா?”

“இலவம்பஞ்சு.”

“அப்பக் கெட்டியாத்தான் ஊத்தணும்” என்றான் தவசி. “தண்ணியா ஊத்துனா அம்புட்டையும் குடிச்சுட்டு இன்னும் கேக்கும்.”